நிழலுக்கு வைத்த புள்ளிகள்

மாலை நான்கு இருபதுக்கு அக்கா வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். முதலில் கண்ணில் பட்டது ஓர் இறக்கை. வார்னிஷ் காய்வதற்காக மூங்கில் முட்டுக் கொடுத்து அதை ஒருக்களித்து நிறுத்தியிருந்தார்கள். பின்னால் ராஜகோபுரம். பறக்கப் போவது இரண்டில் எது என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

அது அத்தான் சொந்தமாகச் செய்துவந்த ஒற்றை ஆள் விமானம். இறக்கையின் பரப்பளவு தெரிந்தால்தான் எவ்வளவு எடையைத் தூக்கும் என்று தெரியும். அத்தானின் கவலை அவருடைய எடை. சில மாதங்களாக ராத்திரி சாப்பாட்டையே விட்டிருந்தார்.

"மாப்ள, கணக்குல பட்டம் வாங்கினவன் நீ. பரப்பளவை மட்டும் போட்டுக் குடுத்துடு."

(பட்டம் உண்மை. அதற்கப்புறம் கணக்கு என்னோடு பேசுவதில்லை. பத்திரிகை வேலையில் நான் எண்ணியதெல்லாம் வார்த்தைகள்.)

முனை வளைந்த இறக்கை, சூத்திரம் மறந்துவிட்டது. தரையில் கிடந்த நிழலைப் பார்த்ததும் ஞானம் பிறந்தது. இறக்கையின் அளவும் நிழலின் அளவும் ஒன்றுதானே? நிழலுக்குள் அரையடிக்கு ஒரு புள்ளியாகக் கோலமாவு வைக்கச் சொன்னேன் அக்காவை. புள்ளிக்குக் கால் சதுர அடி; எண்ணினால் பரப்பளவு.

"நிழல் நகருதுடா," என்றாள், குனிந்தபடியே.

"நீ வேகமா வை."

வெயில் சாய்ந்தது, நிழல் நீண்டது, புள்ளிகள் அதன் பின்னாலேயே போயின. காவிரிக் காற்றில் மாவு லேசாக எழும்பி மினுங்கியது. நிழல் கைப்பிடிச் சுவரைத் தொடும்வரை இருவருமே நிறுத்தவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

எண்ணி, மறு இறக்கைக்காக இரண்டால் பெருக்கி, விடையைச் சொன்னேன்.

"அப்ப நான் தாராளமா உக்காரலாங்கற?"

"ரெண்டு பேரே உக்காரலாம், அத்தான்."

அன்றிரவு அத்தான் தோசைக்கல்லை ஆறவிடவில்லை. அடுத்து வந்த இரவுகளிலும் அப்படித்தான்.

மரச்சட்டத்தின் மேல் போர்த்தத் துணி வாங்கும் வேளை வந்தது. அத்தான் இறக்கையைப் படுக்கப் போட்டு டேப்பால் அளந்தார். நான் சொன்னதில் பாதிகூட இல்லை.

"யாரு போட்ட கணக்கு மாப்ள இது?"

"அவன் எங்க போட்டான்?" என்றாள் அக்கா. "சூரியன் போட்டது."

அத்தான் எடைபார்க்கும் மெஷினில் ஏறினார். இறங்கினார். வெகுநேரம் இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் இதுல ஏறி நில்லேன்."

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது மறுசோறு கேட்டால், "நிழல் நீண்டுடுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அக்காவுக்குக் கால் எட்ட வேண்டும் என்று, விமானத்தின் இருக்கையை முன்னால் தள்ளிப் பொருத்தியிருக்கிறார்கள்.