நேசையன் வெப்பம்

ஆகஸ்ட் மாதத்தில் ஏசி கெட்டுப்போவது உலக வழக்கம். ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு கம்பெனி கேம்ப்பில், நேசையனின் ரூமும் அந்த வழக்கத்தை மீறவில்லை. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி காற்று வந்தது. பகலெல்லாம் வெல்டிங் அடித்துவிட்டு வந்த மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று, பாவம்.

பக்கத்துக் கட்டிடம்தான் ஆபீஸ். நேரே போய் நிர்வாக அதிகாரி ஜெயபாரதி மேடத்திடம் முறையிட்டான்.

நேரம் சரியில்லை. மேடம் அப்போதுதான் துபாய் ஹோட்டலில் ஒரு நிர்வாகப் பயிலரங்கை முடித்துத் திரும்பியிருந்தார். இருநூறு வருடத்துக்கு முந்தைய வானியலாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் பற்றிப் பயிலரங்கு. இந்த வருடம் அதுதான் ஃபேஷன்.

"வாயால சொன்னா அது வதந்தி, நேசையன். அந்தக் காலத்துல வால்நட்சத்திரத்தைப் பார்த்தவங்க என்ன பண்ணாங்க?"

"ஏசி இல்லாம கெடந்தாங்களா மேடம்?"

"கடிதம் எழுதினாங்க! வேற ஊர்ல ஒருத்தர் தானும் பார்த்துட்டு, ஆமான்னு பதில் எழுதணும். அப்பதான் அது கண்டுபிடிப்பு. இல்லேன்னா மாஃபி, ஒண்ணுமே இல்ல."

நேசையன் எழுதினான். 'மகா கனம் பொருந்திய மேடம் அவர்கள் சமூகத்துக்கு, அடியேன் கட்டிலில் மல்லாந்தபடி மேற்படி ஏசியை அவதானித்ததில்...' இந்த நாட்டில் தபால்காரர் வாசலுக்கு வருவதில்லை. எல்லாம் தபால் ஆபீஸில் இருக்கும் கம்பெனிப் பெட்டிக்குத்தான். ஆகவே கடிதம் ரோலா கடைத்தெருவில் தபாலாகி, ஊரெல்லாம் சுற்றி, பக்கத்துக் கட்டிடத்துக்கு மறுவாரம் வந்து சேர்ந்தது. மேடம் பூரித்துப்போனார்.

வேறு ஊர்ச் சாட்சிக்கு, அதே கம்பெனியின் ருவைஸ் கேம்ப்பில் இருந்த சொந்த ஊர்க்காரன் ரெஜினைப் பிடித்தான். ரெஜின் நேர்மையானவன். 'இங்கிருந்து நோக்கியதில் தங்கள் ஏசி தென்படவில்லை' என்று எழுதிவிட்டான். மேடம் புகார்க் கோப்பை மூடினார்.

நேசையன் போனில் கத்தினான். "லேய், உனக்க ஏசியும் கெட்டுப்போச்சுன்னு எழுதுல! நான் இங்க வெந்து சாவுதேன்!"

ரெஜின் மனமிரங்கி எழுதினான். இரண்டு ஊர், ஒரே வெப்பம்! மேடம் உடனே சுற்றறிக்கை விட்டார்: வால்நட்சத்திரத்துக்குப் போலவே, முதலில் கண்டவரின் பெயரே இவ்வெப்பத்துக்குச் சூட்டப்படும், ஆண்டு விழா மேடையில் பொன்னாடையும் உண்டு. அதைப் படித்த ரெஜின், தன் ஏசி ஜூலையிலேயே கெட்டுவிட்டதாக இன்னொரு கடிதம் போட்டான்.

"நல்லா ஓடுத ஏசிக்கடியில படுத்துக்கிட்டு எனக்க வெப்பத்தக் களவாங்குதானே!" என்று நேசையன் குதித்தான். மேடம் நீதி தவறாதவர். ஆய்வுக்குழு இரண்டு கேம்ப்புக்கும் வந்து, எந்த ஏசி மெய்யாகவே கெட்டிருக்கிறது என்று பார்க்கும் என அறிவித்தார்.

குழு வருவதற்குள் மெக்கானிக் கௌஸ் முகம்மது வந்துவிட்டார். கட்டிடச் சொந்தக்காரர் வருடாந்திர சர்வீஸுக்கு அனுப்பிய ஆள். ஏசியைத் திறந்து பார்த்தார்.

"ஒரு வயர்தான் விட்டிருக்கு தம்பி. அஞ்சே நிமிஷம்."

நேசையன் ஏசிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். வியர்வை கொட்டியது. "தொடாதீங்க பாய்! இது சரியாச்சுன்னா ரெஜினுக்க பேர வெச்சிருவாங்க!"

கௌஸ் முகம்மது, ஈரத்துண்டைப் போர்த்தியிருந்த ரூம்காரன் வைரவனைப் பார்த்தார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"அவர் சொல்றது சரிதான் பாய்," என்றான் வைரவன். "ஆனா 'நேசையன் - வைரவன் வெப்பம்'னு வைக்கணும். நானும் கூடத்தானே வேகுறேன்?"

கௌஸ் முகம்மது ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒரு பேனா கொடுங்க தம்பி. வயர் விட்டிருக்குன்னு கண்டுபிடிச்சது நான்தானே?"