மேல்தளத்தில் பதினோரு நிமிஷம்

அநியாயத்துக்குத் தலைவணங்கக் கூடாது என்று என் ஐம்பத்திரண்டாவது வயதில் முடிவெடுத்தேன். வாசலில், தபால் பெட்டிக்கு முன்னால், ஒரு கையில் சாவியும் இன்னொரு கையில் நோட்டீஸுமாக நின்றபடி எடுத்த முடிவு. வீட்டுக்குள் ஏற்கெனவே ஓர் இடத்தில் தலைவணங்கிக்கொண்டிருக்கிறேன். இருப்பது ஒரு கழுத்துதானே.

நோட்டீஸை அனுப்பியது கடைவளாகத்தின் கார் நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் தனியார் கம்பெனி. ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டியிருந்தேன். ஒரு மணி பதினோரு நிமிஷம் நின்றுவிட்டேனாம். அந்தப் பதினோரு நிமிஷத்துக்கு அபராதம், கட்டிய கட்டணத்தைப் போல இருபது மடங்கு. ஓடுகிற காருக்குப் பெட்ரோல் கேட்டால் கொடுக்கலாம், அது உழைக்கிறது. சும்மா நிற்கிற காருக்கு என்ன இவ்வளவு செலவு?

ஏன் நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களோடு இருக்கட்டும்.

மூன்று மாதம் முன்னால் டாக்டர் என்னை தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். மறுநாளே இவள், அதாவது என் மனைவி, ஷூ வாங்கி வந்துவிட்டாள். பூங்கா தூரம் என்பதால் காரில் போய் அங்கே நடப்பதாக ஏற்பாடு. முதல் நாள் நிஜமாகவே நடக்கத்தான் கிளம்பினேன். வழியில் கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கலாமே என்று கடைவளாகத்தின் மேல்தளத்துக்குக் காரை ஏற்றினேன். ஏற்றியவன் இறங்கவில்லை.

அந்த மேல்தளத்தை நீங்கள் பார்க்க வேண்டும். நாலு மாடி உயரம், கூரை கிடையாது. சாயங்காலத்தில் நாலைந்து வண்டிதான் நிற்கும். சீட்டைச் சாய்த்தால் எதிரே வானம், வேறொன்றுமில்லை. தெருச் சத்தம் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி தேய்ந்து தேய்ந்து எங்கேயோ போய்விடும். மேகங்கள் ஒவ்வொன்றாக வரும், கொஞ்சம் நிற்கும், போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் கார் மெதுவாகத் தரையை விட்டுக் கிளம்பி அதுகளோடு சேர்ந்து மிதக்க ஆரம்பிக்கும். அந்த பல்பை எப்போ மாத்தப் போறீங்க என்று அங்கே கேட்க ஆளில்லை. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் எனக்கே எனக்கென்று கிடைத்த ஒரே இடம் அது. முதல் நாள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதற்கப்புறம் தினமும் அங்கேதான். வீடு திரும்பும்போது பாட்டில் தண்ணீரைச் சட்டை முதுகில் தெளித்துக்கொள்வேன். நல்லா வேர்த்திருக்கே என்பாள் இவள். கேட்க எனக்கே பெருமையாக இருக்கும்.

அபராதம் விழுந்த அன்று கனவு கொஞ்சம் நீண்டுபோயிற்று. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் வானத்தில் ஏணி சாத்தி ஏறி, அதிக நேரம் நின்ற மேகங்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தார். ஒரு குட்டி மேகம் அழுதது. அதற்காக நான் வாதாடினேன். ஜெயிக்கிற சமயத்தில் விழிப்பு வந்துவிட்டது.

இப்போது சிக்கல் என்னவென்றால், கார் இவள் பெயரில் இருக்கிறது. நோட்டீஸும் இவள் பெயருக்குத்தான். இடம், தேதி, நேரம் எல்லாம் அச்சில் இருக்கிறது. இவள் பார்த்தால் நாளையிலிருந்து பூங்காவுக்குக் கூடவே வருவாள். என் மேகம் போச்சு. பேசாமல் கட்டித் தொலைக்கலாம் என்றால், அபராதத்தை வங்கி வழியாகத்தான் வாங்குவார்களாம், தகவல் இவள் போனுக்குத்தான் போகும். ஆகவே ஆட்சேபணைக் கடிதம் எழுதுவது, இவள் பெயரிலேயே எழுதி, இவள் மாதிரியே கையெழுத்தும் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்தவரிடம் பொடி எழுத்தைக் காட்டித் தெரியுதா தெரியுதா என்று நாள் முழுக்கக் கேட்கிறவன். அந்த அறிவையெல்லாம் இறக்கினேன். அளவுகோலோடு போய், அபராத விதி எழுதிய பலகையை அளந்தேன். தூணுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். என் கடை அட்டையின் கடைசி வரியை விடச் சின்ன எழுத்து. வெளிவாசல் கூண்டில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்து, இங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதைப் படித்த முதல் ஆள் நான்தான் என்றார். அதையும் ஆதாரமாகச் சேர்த்தேன். நாலு பக்கம் வந்தது. 'பார்வைக் கூர்மை' என்ற வார்த்தை மட்டும் ஏழு இடத்தில்.

பத்து நாள் கழித்து, ஒரு விடுமுறைக் காலையில், இவள் கையில் ஒரு உறையோடு என்னை உட்காரச் சொன்னாள். இவள் உட்காரச் சொன்னால், நின்றுகொண்டு கேட்கிற விஷயமில்லை என்று அர்த்தம். உட்கார்ந்தேன். கம்பெனியின் பதிலை நிதானமாகப் படித்தாள்.

"தங்கள் முதல் கடிதத்தை ஏற்று அபராதம் சென்ற வாரமே ரத்து செய்யப்பட்டது. அதன்பின் தங்கள் பெயரில் வந்த நான்கு பக்கக் கடிதத்தில் கையெழுத்து பொருந்தவில்லை. மேலும், மூன்றாம் பக்கத்தில் 'இந்த விஷயம் என் மனைவிக்குத் தெரிய வேண்டாம்' என்று தாங்கள் கேட்டிருப்பது எங்களுக்கு விளங்கவில்லை."

எனக்கு விளங்கியது.

நோட்டீஸ் தபாலில் வருவதற்கு முந்தின நாளே இவள் போனுக்கும் வந்திருக்கிறது, படங்களோடு. இவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. எந்தக் கடிதத்துக்கு மேலதிகாரி மசிவார், எது குப்பைக்குப் போகும் என்று நன்றாகத் தெரியும். ஆறே வரி எழுதிப் போட்டிருக்கிறாள். அதன் நகலை என்னிடம் கொடுத்தாள்.

'உங்கள் ஆள் கிட்டே வந்து, வாய் திறந்து தூங்கும் என் கணவரை மூன்று படம் எடுத்திருக்கிறார். முதல் படம் நேரம் முடிவதற்கு முன்பே எடுத்தது. கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அவர் கிளம்பியிருப்பார். தட்டாமல் காத்திருந்தீர்கள். இடத்துக்குக் காசு கேட்பது நியாயம், கட்டியிருக்கிறோம். மனிதன் தவறட்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கேட்பது நியாயமில்லை.'

நாலு பக்கம் எழுத்தை அளந்தவன் நான். அநியாயத்தைக் கண்டுபிடித்தது இவள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று மெதுவாகக் கேட்டேன்.

"முதல் வாரத்துலேருந்து. ஷூ அடியில ஒரு பொட்டு மண் ஒட்டல."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

இவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். குரல் தணிந்து, வேறு யாருடைய குரலோ மாதிரி ஆகிவிட்டது.

"நீங்க கிளம்பினதும் நான் இந்த ஜன்னலோரம் காலை நீட்டி உக்காந்துப்பேன். எதிர் மாடிக்கு மேல ஒரு மேகம் வரும். அது போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன். என் கண்ணாடி எங்க, துண்டு எங்கன்னு கேக்க வீட்டுல ஆளிருக்காது."

ஊரின் இரண்டு மூலையில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் மூன்று மாதமாக ஒரே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் வீடே மிதந்தது.

பிறகு மற்ற கையால் பையைத் திறந்தாள். டாக்டர் சொன்ன நடை நாளைக் காலையிலிருந்து ஆரம்பம், கூடத் தானும் வருவதாகச் சொன்னாள். சாயங்காலத்துக்கு இது என்று ஓர் அட்டையை என் முன்னால் வைத்தாள். அதே மேல்தளத்துக்கு மாதாந்திர பாஸ். தினமும் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை.

இப்படி ஒரு மனைவியை ஏமாற்றினேனே என்று நெஞ்சு கரைந்துவிட்டது. எதுக்கும்மா மூணு மணி நேரம், எனக்கு ஒரு மணி நேரமே போதுமே என்றேன்.

"உங்களுக்குப் போதும். எனக்குப் பத்தலைங்க."