வெள்ளைக் குதிரைக்கு ஆபரேஷன்

"ரெண்டுல ஒண்ணு இறங்கவே இல்லையாம்" என்று லாடக்காரர் குளியலறைக்குள் நின்றுகொண்டு அண்ணனிடம் போனில் மெதுவாகத்தான் சொன்னார். கதவைத் திறந்தால் எதிரே துண்டோடு மனைவி நின்றாள்.

"எது இறங்கல?"

குதிரைச் சவாரிப் பள்ளியில் குதிரைகளுக்கு லாடம் அடிப்பது அவர் தொழில். உதைக்கப் போகிற குதிரையைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்து ஒதுங்கிவிடுவார். மனைவியின் கேள்விக்கு ஒதுங்கத் தெரியவில்லை.

"விதை" என்று உண்மை வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியாததால், "குதிரைக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

இறங்காதது குதிரைக்கு அல்ல, அவருக்குத்தான். தொடை இடுக்கில் வலிக்கிறதே என்று டாக்டரிடம் போனவருக்கு அங்கேதான் விஷயம் தெரிந்தது. பிறக்கும்போதே இறங்கியிருக்க வேண்டிய ஒன்று பாதி வழியில் தங்கிவிட்டது. இந்த வயதில் இறக்கிப் பயனில்லை, விட்டுவைத்தால் பின்னால் கட்டியாக மாறலாம், எடுத்துவிடுவதே நல்லது என்றார் டாக்டர். மற்றது நன்றாக இருக்கிறது, குழந்தை பிறக்கத் தடையில்லை என்றும் சொன்னார். முன்னால் சொன்னதையெல்லாம் நம்பிய லாடக்காரர் கடைசியில் சொன்னதை மட்டும் நம்பவில்லை. கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆண் குழந்தையா, பெண் குழந்தையா என்று மனைவி அப்போதே பேச ஆரம்பித்திருந்தாள்.

குதிரைகளுக்கு இப்படி ஆவது அவருக்குப் புதிதல்ல. வெளியே தெரிகிற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, காயடித்த குதிரை என்று விற்றுவிடுவார்கள். உள்ளே ஒன்று ஒளிந்திருக்கும். பெண் குதிரையைப் பார்த்ததும் அது வேலியைத் தாண்டும். அப்புறம் கால்நடை டாக்டர் வந்து வயிற்றைத் திறக்க வேண்டும். இதையெல்லாம் பள்ளியில் டீ குடித்தபடி, கையால் அளவு காட்டிப் பேசுவார்கள். லாடக்காரரும் பேசியிருக்கிறார். தன் விஷயம் என்றதும்தான் வாய் ஒட்டிக்கொண்டது.

எந்தக் குதிரை என்று மனைவி கேட்டாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே குதிரைதான், ஒருமுறை தடவிக் கொடுத்திருக்கிறாள். அதனால் வெள்ளைக் குதிரை என்றார். அவள் பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு அப்பாவுக்கு போன் போட்டாள்.

அடுத்த தெருவில் இருந்த மாமனார், ரிட்டயரான பஸ் கண்டக்டர். ஆயுசு முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கியவர். இறங்கவில்லை என்று காதில் விழுந்தால் சும்மா இருப்பாரா? காலையில் காபிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். வலது பக்கமா, இடது பக்கமா, வயிற்றிலேயே நிற்கிறதா, பாதி வழி வந்திருக்கிறதா என்று விசாரித்தார்.

"ஸ்டாப் வந்தும் இறங்காத ஆளை நாமதான் இறக்கி விடணும், மாப்ள. அதுல தப்பே இல்ல" என்றார். பிறகு, "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"யாருக்கு மாமா?"

"குதிரைக்குத்தான்."

பரவாயில்லை என்றார் லாடக்காரர்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் தங்க வேண்டும். அதனால் குதிரையை வெளியூர் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், தானும் போக வேண்டும் என்று அடுத்த பொய்யைச் சொன்னார். ஆபரேஷனுக்கு லாடம் அடிக்கிறவர் எதற்கு என்று மனைவி கேட்டாள். தான் இல்லாவிட்டால் அது பயப்படும் என்றார். அவள் மனம் இளகி இரண்டு சட்டைகளை மடித்து வைத்தாள். மாமனாரோ துணைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். ஒரு குதிரைக்கு ஒரு ஆள்தான் அனுமதி என்றார் லாடக்காரர். அப்படியானால் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று மாமனார் ஒரு பை கேரட் வாங்கிக்கொண்டு நேரே பள்ளிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவன் அதை லாடக்காரரிடம் ஒப்பித்தான். "உங்க மாமனார் வந்தாருண்ணே. வெள்ளைக் குதிரைக்கு விதை இறங்கலையாமேன்னு கேட்டாரு. அது ரெண்டு குட்டி போட்டதுன்னு சொன்னேன். கேரட்டக் குடுத்துட்டு ரொம்ப நேரம் சிரிச்சிட்டுப் போனாரு."

வருஷக்கணக்காக அதன் குளம்பைத் தூக்கி மடியில் வைத்தவர் லாடக்காரர். அது பெண் குதிரை என்று அவருக்குத் தெரியாதா? குளியலறை வாசலில் மறந்துபோயிற்று, அவ்வளவுதான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழியைப் பறித்தது அவரேதான்.

வீட்டில் மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குதிரையைப் பார்த்தீர்களா என்று மகள் கேட்டாள்.

"பாத்தேனே. நல்ல ஆம்பளக் குதிரை. கொஞ்சம் பயந்த சுபாவம்" என்றார் அவர், மாப்பிள்ளையைப் பார்த்தபடி.

லாடக்காரருக்குத் தண்ணீர் புரையேறியது. இவர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று புரியவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாக உடைத்து, மகளைக் கையோடு கூட்டிப் போகத்தான் காத்திருக்கிறார் என்று தோன்றியது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, கத்தவும் முடியாமல் படுத்துக் கிடந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் தியேட்டருக்குள் விட முடியாது என்றாள் நர்ஸ். வருவதாகச் சொன்ன அண்ணன், வழியில் வண்டி நின்றுவிட்டது என்று போன் செய்தார்.

"மனைவி இல்லையா?"

"இருக்காங்க."

"எங்க?"

"வீட்டுல. குதிரைக்காக வேண்டிக்கிட்டு இருக்காங்க."

நர்ஸ் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மயக்க மருந்து ஏற்கெனவே கொடுத்தாயிற்றா என்று பக்கத்து நர்ஸைக் கேட்டாள்.

அப்போதுதான் வராந்தாவில் மாமனார் வந்தார்; வண்டி நின்றுபோன அண்ணன்தான் அவருக்குப் போன் செய்து இடத்தைச் சொல்லியிருந்தார். பின்னால் கண் சிவந்த மனைவி. அவளுக்கும் பின்னால் பிளாஸ்க்கோடு மாமியார். மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"குதிரைக்குன்னா என்கிட்ட சொல்லலாம். உங்களுக்குன்னா சொல்லக் கூடாதா?"

லாடக்காரருக்கு அழுகை வந்தது. யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. "குழந்தை பிறக்காதுன்னு நீ விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

"டாக்டர் அப்படிச் சொன்னாரா?"

"இல்ல. ஒண்ணே போதும்னாரு."

"அப்புறம் என்ன?"

"நான்தான் நம்பல."

அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"தைரியமாப் போங்க, மாப்ள. ஒரு குறையும் வராது" என்றார் மாமனார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார். அதுவரை வாயே திறக்காத மாமியார் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"கல்யாணமான புதுசுல இவரு போற பஸ்ஸும் இப்படித்தான் நாலு நாள் ஷெட்ல ரிப்பேருக்குக் கிடக்குதுன்னாரு, மாப்ள, திரும்பி வந்தப்போ பஸ் நல்லாத்தான் ஓடுச்சு, இவருதான் கால அகட்டி அகட்டி நடந்தாரு, அடுத்த வருஷம் இவ பொறந்தா."