தேக்குச் சுவரில் ஓர் ஆணி

பலகையின் நடுவில், தீரவத்தின் தோள் உயரத்தில், ஓர் ஆணியின் தலை பளபளத்தது. எப்போது முளைத்ததென்று தெரியவில்லை.

"இந்த வீட்டுல ஒரு ஆணிகூட கிடையாது" என்று அவன் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். நக்கோன் சவான் ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருந்த பன்னிரண்டு பேர் வாய் பிளந்து நின்றார்கள். அந்தப் பழைய தேக்கு வீட்டு அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்தவனுக்கு இன்று சோதனைக் காலத்தின் கடைசி நாள். கால் மணி நேரத்தில் இயக்குநர் விபாதா வந்து, வேலை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

சட்டென்று முதுகால் ஆணியை மறைத்தான். மறைத்தபடியே விளக்கினான்: சுவர்கள் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று தாங்குகின்றன, பலகைகளைக் காடி வெட்டிய சட்டத்தில் செருகி மரமுளையால் இறுக்கியிருக்கிறார்கள், முளைகளைத் தட்டிவிட்டால் வீடே பிரிந்து படகேறும், வேறு கரையில் போய் மறுபடி எழுந்து நிற்கும். இந்த வீடும் பழைய தலைநகரான அயுத்தயாவிலிருந்து அப்படி மிதந்து வந்ததுதான். சொல்லும்போது அவனுக்கே புல்லரித்தது.

ஆனால் எல்லோரும் அவன் முதுகையே பார்த்தார்கள்.

"தம்பி, பின்னால என்ன வச்சிருக்கே?" என்றாள் ஓர் அம்மாள்.

வரவேற்புத் தட்டிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து, மேலே நீண்டிருந்த முளையில் மாட்டினான். ஆணி மறைந்தது. அம்மாள் உடனே மண்டியிட்டுக் கும்பிட்டாள். பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அடுத்த அறையிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

"சாமியெல்லாம் இல்லம்மா. வெறும் சுவர்."

"வெறும் சுவத்துக்கா மாலை போட்டே? இரு, லாட்டரி நம்பர் ஏதாவது தெரியுதா பாக்கறேன்" என்று பையிலிருந்து பவுடரை எடுத்து, சரத்தை விலக்கிப் பலகையில் தேய்த்தாள்.

டிக். ஆணி கீழே விழுந்து உருண்டு, வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்த விபாதாவின் வெறுங்காலருகே நின்றது.

"என் பையிலேர்ந்து விழுந்துதோ?" என்றாள் அம்மாள்.

ஆமாம் என்று சொன்னால் போதும். தீரவத் சுவரைப் பார்த்தான்.

"இல்லம்மா, சுவர்லதான் இருந்துது. இந்த வீட்டுக்கு அசிங்கம்னு நான்தான் மறைச்சேன்."

பெருக்கிக்கொண்டிருந்த புவா அக்கா குனிந்து ஆணித்தலையை எடுத்து விபாதாவிடம் நீட்டினாள்.

"நீங்க சொன்ன இடத்துலதாம்மா மெழுகு வச்சு ஒட்டினேன். இந்த வேலைக்கு முந்தி வந்த மூணு பேரும் சாயங்காலம் வரைக்கும் இது முன்னாடியே நின்னு பேசினாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல."