அரை நிலாவும் அரைப் பேரும்

“...அழுத புள்ளைக்குத்தான் பாலும்பாங்க. எங்க டீச்சர் அரைப் பேருல்ல போட்டிருக்காங்க?”

ஒரு கையில் மகள், முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை. வகுப்பு வாசலில் நின்று இதைக் கேட்டவர் கவிதாவின் அம்மா. என் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க மாத்தளையிலிருந்து வந்த அதிகாரி, அப்போதுதான் கடைசி வாங்கில் உட்கார்ந்து பேனாவைத் திறந்திருந்தார்.

தவறு முழுக்க என்னுடையது. பிள்ளைகள் மனதில் இருப்பதைச் சொல்லப் பழக வேண்டும் என்று எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். காலையில் சிரித்த முகத்தின் கீழோ அழுத முகத்தின் கீழோ அவரவர் பெயரை ஒட்ட வேண்டும். எனக்கு முகம் வரைய வராது (நான் வரைந்த சிரித்த முகத்தைப் பார்த்து ஒருத்தி அழுதேவிட்டாள்). ஆகவே சந்தோஷத்துக்கு முழு நிலா, கவலைக்கு அரை நிலா.

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இதைத் தொங்கவிடலாமா? முழு நாள் வேலைக்கு முழுப் பேர், கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைக் கூலி என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள். நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தான். மூன்று நாள் பயிற்சியில் அது மறந்துபோயிற்று. ஒரு வாரமாக எல்லாரும் முழு நிலாவில். பல்வலியில் கன்னம் வீங்கியவனும் முழு நிலா. என்ன சந்தோஷமான வகுப்பு என்று பூரித்துப்போனேன். அதிகாரி வந்த அன்று கவிதா மட்டும், வளர்த்த கோழி விருந்தாளிக்குக் குழம்பான துக்கத்தில், அரை நிலாவில் ஒட்டினாள். மற்றவர்கள் “அரைப் பேரு” என்று கத்த, அம்மா கொழுந்து பறிக்கும் கீழ் மலைக்கு ஓடிவிட்டாள்.

பயிற்சியில் சொன்னபடி, “மூச்ச நல்லா இழுத்து விடுங்க அக்கா” என்றேன்.

“மூச்சு விட்டுக்கிட்டுத்தானே டீச்சர் மலையேறி வந்தேன்?”

பத்து வரை எண்ணச் சொன்னேன். எண்ணினார், விரலுக்கு என் குறை ஒன்றாக. ஏழாவது, என் கையெழுத்து. அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, நல்ல மனதோடுதான், நான் இப்போது எந்த நிலாவில் இருக்கிறேன் என்று கேட்டார். அவ்வளவுதான், வாய்விட்டு அழுதுவிட்டேன். வகுப்பே ஒரே குரலில் “அரைப் பேரு” என்றது.

வேலை நிரந்தரமானது (யார் நடத்திய பாடத்துக்காகக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை). நான் முகம் சுண்டினால் என் கணவர் இன்றும், “இன்னைக்கு அரைப் பேரா?” என்பார். அந்தப் பாடத்தை நான் விடவில்லை. படம் மட்டும் பிள்ளைகள் வரைகிறார்கள்.

அன்று நான் அழுததும் கவிதாவின் அம்மா எண்ணுவதை நிறுத்தினார். கூடையை இறக்கி வைத்தார். தலைத்துணியை அவிழ்த்து என் மூக்கைத் துடைத்தார். சின்ன வாங்கில் என்னை உட்காரவைத்து, ஒரு பக்கம் மகளையும் மறுபக்கம் என்னையும் அணைத்துக்கொண்டு, “எங்க, ரெண்டு பேரும் மூச்ச இழுங்க” என்றார்.