தாராளமாக இருக்கட்டும்

பெருந்தன்மையாக நடந்துகொள்வது என்று ஆறுமுகசாமி முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அப்போது அவருக்கு எதிரே கருகிய உப்புமா இருந்தது. அதைக் கருக்கியதும் அவர்தான்.

மனைவி கருப்பாத்தாள் மகளின் பிரசவத்துக்காக ஷார்ஜா போய் ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அறுபது நாள் விசா. மிச்சம் எட்டே நாள். அவர் ஊரான வடகரப்பதியில் தேங்காய் போடும் தேதியைக்கூட யாரும் அப்படி எண்ணியதில்லை.

சமையல் வராதது பெரிதில்லை. வீடு பேசாமல் கிடந்தது, அதுதான் தாங்கவில்லை. மாடுகூட கருப்பாத்தாள் குரல் கேட்டால்தான் சுரக்கும். ஆகவே விடிந்ததும் அவளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, மாட்டின் காதருகே கட்டித் தொங்கவிட்டுப் பால் கறப்பார். அவள் மாட்டிடம் கால் மணி நேரம் கொஞ்சுவாள். முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவருக்குக் கடைசியில், சாப்பிட்டாரா என்று கேட்கும் ஒரு "உண்டாச்சுங்களா?" மிஞ்சும். அவர் "உண்டாச்சு" என்பார். அதோடு போன் அணைந்துவிடும்.

"வந்துடு" என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அவர் குடும்பத்தில் எந்த ஆம்பளையும் பெண்டாட்டியிடம் அப்படிக் கேட்டதாகத் தகவல் இல்லை.

உப்புமாவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மருமகன் கோபிநாத் கூப்பிட்டார்.

"மாமா, அத்தை இன்னும் ரெண்டு மாசம் இருந்தா கொழந்தைக்கு நல்லதுங்க. உங்களுக்குச் சம்மதமுங்களா?"

சம்மதமில்லை என்ற சொல் தொண்டை வரை வந்தது.

"விசாவைப் புதுப்பிக்கணுமுங்க. பஸ்ஸுல ஓமன் எல்லையைத் தாண்டிப் போயி, அங்க ஒரு ராத்திரி தங்கிட்டு, புது விசாவுல திரும்பி வரணும். போகவே ஆறு மணி நேரமாகும். பாதி தூரம் மலைப்பாதை."

தொண்டை வரை வந்த சொல் திரும்பி வயிற்றுக்குள் போனது. பஸ்ஸா? கருப்பாத்தாளா?

கல்யாணமான புதிதில் வண்டன்மேட்டிலிருக்கும் அவருடைய அக்கா கமலாத்தாள் வீட்டுக்கு அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். கம்பம் ஊரைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு சரிந்தாள். கீழே இறக்கி, காருக்குச் சொல்லி, திரும்பக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து அக்கா வீட்டுக் காதுகுத்து, கிரகப்பிரவேசம், ஏலக்காய்த் தோட்டத்துப் பூஜை எல்லாவற்றுக்கும் அவர் ஒண்டியாகவே போய்வருகிறார். பஸ் என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்குக் கண் சொருகும்.

இப்படிப்பட்டவள் ஆறு மணி நேரம் மலைப்பாதையில் போகப்போவதில்லை. எப்படியும் எட்டாம் நாள் வந்து இறங்கிவிடுவாள். அப்படியிருக்க, நாம் ஏன் கெட்ட பெயர் வாங்கவேண்டும்?

"தாராளமா இருக்கட்டுமுங்க மாப்பிள்ளை. ரெண்டு மாசம் என்ன, நாலு மாசம் இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லை."

போன் கருப்பாத்தாள் கைக்கு மாறியது. "ஏனுங்க, நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நான் என்ன கைக்கொழந்தையா? நீ இரு புள்ள. ஆனா பஸ்ஸு... உன்ற ஒடம்புக்கு ஒத்துக்கோணுமே. பாத்துக்க."

"அதுதானுங்க பயமா இருக்குது." குரல் நலிந்து வந்தது.

போதும். அன்றே வீட்டை ஒட்டடை அடித்தார். தீய்ந்த சட்டிகள் மூன்றையும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். வாசலில் அவரே தண்ணீர் தெளித்தார். அடுத்த வீட்டார் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மகள் செல்வப்பிரியா ஒரு வீடியோ அனுப்பினாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பஸ். ஜன்னலோர சீட்டில் கருப்பாத்தாள். மடியில் ஒரு பொட்டலம் கடலை. பஸ் வளையும் பக்கமெல்லாம் அவளும் ஊஞ்சலாடுவதுபோல் வளைந்து, பக்கத்து சீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

உடனே கூப்பிட்டார்.

"எங்கிருக்கறே?"

"பஸ்ஸுலதானுங்க. நேத்துப் போயி இன்னைக்கித் திரும்பி வந்துட்டு இருக்கறேன். மலையெல்லாம் மொட்டையா, நம்ம வாளையாறுப் பக்கமாட்டப் பச்சையே இல்லை. ஆனா நல்லா இருக்குதுங்க."

"தலை சுத்தலையா?"

"இல்லீங்க."

"கொமட்டல்?"

"நல்லாப் பசிக்குதுங்க."

"அப்ப முப்பது வருசமா அக்கா ஊட்டுக்குன்னா மட்டும் உனக்கு..."

"அது பஸ்ஸுனால இல்லீங்க."

அக்கா வீட்டு விசேஷங்கள் ஒவ்வொன்றாக மனசுக்குள் வந்து போயின.

"அத்தனையும் நடிப்பா புள்ள?"

"நீங்க தாராளமா இருக்கட்டும்னு சொன்னீங்களே, அது என்னுங்க?"

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"பொட்டியைக் கட்டி வெச்சிருந்தேனுங்க," என்றாள். குரலில் கிண்டல் போயிருந்தது. "மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிப்போட்டேன். உங்க மாமா வாயைத் தொறந்து வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த பிளேனுல போறேன்னு. மூணு நாளு காத்திருந்தேன். நீங்க மாட்டுக்குப் போனைக் குடுத்தீங்க."

ஆறுமுகசாமி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒட்டடை அடித்தது அடித்தபடி, எல்லாம் சுத்தமாக, சத்தமில்லாமல் இருந்தது. குடும்பத்தில் யாரும் செய்யாததைச் செய்தார்.

"சரி. வந்துடு புள்ள."

அந்தப் பக்கம் பஸ் இரைந்தது.

"இப்பத்தானுங்க புது விசாவுல முத்திரை குத்தினாங்க," என்றாள் கருப்பாத்தாள். "அறுபது நாளைக்கு."