பெரிய பாயின் போனுக்கு நான் பார்த்த வைத்தியம்

ஒன்றுமே தெரியாதவனிடம் ஒரு பொருளை நம்பிக் கொடுக்கலாம். அவன் பயத்தில் தொடமாட்டான். அரைகுறையாகத் தெரிந்தவனிடம் மட்டும் கொடுக்கவே கூடாது. இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், அந்த அரைகுறை நான்தான்.

அப்போது ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஆபீஸ் வேலை. வேலூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்தேன். (சர்டிபிகேட்டை அம்மா ஏசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். இரண்டுக்கும் சேர்த்தே ஜெபம் நடக்கும்.) ஆபீசில் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் டாக்டர் மாதிரி நடந்து போய், "ரீஸ்டார்ட் பண்ணீங்களா?" என்று கேட்பேன். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். பத்துக்கு எட்டு தடவை அது வேலை செய்ததால் பெரிய மேதை என்று பெயர் வாங்கிவிட்டேன்.

ஆனால் வேலை நிரந்தரமாகவில்லை. அம்மாவோ, "பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம்தான் பொண்ணு பாக்கிறது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் முதலாளியை எல்லோரும் பெரிய பாய் என்போம். நல்ல மனுஷர். "ஜெர்மன் ஆர்டர் கைக்கு வரட்டும் தம்பி, அன்னைக்கே உன்னை கன்ஃபார்ம் பண்ணிடறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, என் வேலை, என் கல்யாணம் எல்லாமே ஒரு ஜெர்மன்காரரின் கையில் இருந்தது.

அந்த ஜெர்மன்காரர் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குமேல் போன் செய்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. ஆர்டர் உண்டா, உண்டென்றால் தோலுக்குக் கறுப்புச் சாயமா, பிரவுனா என்று அவர் சொல்ல வேண்டும். சாய மேஸ்திரி தோலைச் சாயம் போடும் பெரிய சுழல் டிரம்மில் ஏற்றிவைத்துக் காத்திருந்தார்.

பன்னிரண்டரைக்கு பெரிய பாய் தொழுகைக்குக் கிளம்பும்போது தன் புது டச் போனை என் மேஜைமேல் வைத்தார்.

"இன்னா தம்பி இது, காலைலேர்ந்து அப்டேட் அப்டேட்னு ஒரே பேஜார் பண்ணுது. நான் வர்றதுக்குள்ள சரி பண்ணி வை."

"அஞ்சு நிமிஷ வேலை பாய்!" என்றேன். (வாயில் சனி உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் வரும்.)

அந்தக் காலத்தில் போனை ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரோடு கட்டித்தான் அப்டேட் செய்ய வேண்டும். செய்தேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து கடைசிவரை போனது. 'போன் ரீஸ்டார்ட் ஆகிறது, தானாக முடியும்வரை எதையும் தொடாதீர்கள்' என்று இங்கிலீஷில் வந்தது. ரீஸ்டார்ட் நம்ம சொந்த ஊர் ஆயிற்றே என்று காலை நீட்டி உட்கார்ந்தேன்.

பட்டென்று கரண்ட் போனது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு மொத்த ஆலையும் நிற்கும், எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போவார். அங்கே பதினோரு மாதம் குப்பை கொட்டிய எனக்கு இது தெரியாது. காரணம், வாராவாரம் அந்த நேரத்தில் நான் பிரியாணிக் கடையில் இருப்பேன். யூ.பி.எஸ். இரண்டு தடவை 'கீ கீ' என்று கத்திவிட்டு உயிரை விட்டது, கம்ப்யூட்டரும் கூடவே அணைந்தது. போன் திரை கறுப்பாகி, நடுவில் கம்பெனிச் சின்னம் மட்டும் அசையாமல் நின்றது.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் என் தோஸ்த் அன்வரும் தொழுகையில். போன் ரிப்பேர் தெரிந்த அத்தனை பேரும் அந்த நிமிஷம் பள்ளிவாசலில்தான் இருந்தார்கள். வெளியே இருந்தவன் நான் ஒருவன்தான்.

பேட்டரியைக் கழற்றி, சட்டையில் தேய்த்து, திரும்பப் போட்டேன். அசையவில்லை. மூன்று பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் சாகக் கிடக்கும் போனும் எழும் என்று அன்வர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அமுக்கினேன். இங்கிலீஷில் நீளமாக ஏதோ எச்சரித்து, சரியா என்று கேட்டது. கம்ப்யூட்டர் எது கேட்டாலும் படிக்காமல் 'யெஸ்' அமுக்குவது என் ராஜ பழக்கம். அமுக்கினேன்.

போன் எழுந்தது! பிறந்த குழந்தை மாதிரி எழுந்தது. அதாவது, யாரையும் அடையாளம் தெரியவில்லை. வாங்குபவர்கள், ஏஜென்ட்டுகள், சொந்தபந்தம், ஒருவர் பேரும் இல்லை. நகராட்சிக் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி நம்பரெல்லாம் மெல்லத் திரும்ப வந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவ்வளவுதான் என் கம்ப்யூட்டர் ஞானம்.

பெரிய பாய் அத்தர் மணக்கத் திரும்பி வந்தார். "ஆச்சா?"

"புதுசு மாதிரி ஆய்டுச்சு பாய்." (இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.)

மெயின் போட்டு எல்லா டிரம்மும் தடதடவென்று சுற்ற ஆரம்பித்தபோது போன் அடித்தது. பழைய ட்யூனும் அழிந்துபோயிருந்ததால், "யார் போன்யா அடிக்குது?" என்று பாய் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். பேர் இல்லாமல் நீளமாக ஒரு நம்பர்.

"பேர் இல்லாம வந்தா லோன் வேணுமானு கேக்கறவன்தான். இவனுங்க தொல்லை ஜாஸ்தியாய்டுச்சு." கட் செய்தார். மறுபடி அடித்தது. கட். மூன்றாவது தடவை போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, இங்கிலீஷ்ல நல்லா நாலு வார்த்தை குடு. ஜென்மத்துக்கும் கூப்பிடக் கூடாது."

டிரம் சத்தத்தில் எதிர்முனையில் ஒரு ஆண் குரல் என்பதுமட்டும் புரிந்தது. வீரம் பொங்கியது. "நோ சார்! வி டோன்ட் வான்ட்!" அவர் ஏதோ கேட்டார். "நெவர்! டோன்ட் கால் அகெய்ன்!" என்று கத்தி வைத்தேன்.

"சபாஷ்!" என்று பாய் முதுகில் தட்டினார்.

மணி நான்காகியும் ஜெர்மன்காரர் கூப்பிடவில்லை. "கறுப்பா, பிரவுனா?" என்று மேஸ்திரி மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். நாமே கேட்போம் என்று பாய் போனைத் திறந்தார். தடவினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"தம்பி, நம்ம ஆளுங்கல்லாம் எங்க? சிம்முல இருந்த டெய்லர் ஒருத்தன்தான் நிக்கிறான்!"

விஷயத்தைச் சொன்னேன். பாய் முகம் மெல்ல மாறியது. "அப்போ... அந்த லோன்காரன்?"

அந்த நிமிஷம் தரை பிளந்திருந்தால் நன்றி சொல்லி உள்ளே இறங்கியிருப்பேன். வேலை போச்சு, கல்யாணம் போச்சு, அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது.

மூன்று தடவை வந்த அந்த நம்பரையே பாய் திரும்ப அழுத்தினார். ஐயா சாமி, எடுத்தவர் ஜெர்மன்காரரேதான்! பாய் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டு, என் பையன் உங்களை பேங்க் என்று நினைத்துவிட்டான் என்று விளக்கினார். எதிர்முனையில் சிரிப்பு. எனக்கே கேட்கிற மாதிரி அந்த மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பாய் போனை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தினார். "மேஸ்திரி, பிரவுன்!"

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "வாக்குக் குடுத்துட்டேன் தம்பி. நீ பர்மனென்ட்."

அழுகையே வந்துவிட்டது எனக்கு.

"ஆனா ஆபீஸ்ல இல்ல. நாளைலேர்ந்து பச்சைத்தோல் குடோன். அங்க ஒரு பிளக் பாயின்ட் கூட கிடையாது."

உப்புப் போட்டு அடுக்கிய, இன்னும் பதனிடாத பச்சைத்தோலின் வாடையை அறியாதவர்களுக்கு என்னால் சொல்லிப் புரியவைக்க முடியாது. குளித்தாலும் போகாது, சென்ட் போட்டால் இன்னும் மோசம். ஆம்பூரிலிருந்து எங்கள் ஊர் காட்பாடிக்கு வரும் சாயங்கால ரயிலில் நான் ஏறினால் ஜன்னலோரத்து ஆள் அவராகவே எழுந்து இடம் கொடுப்பார். அடுத்த ஆளும் எழுந்துவிடுவார். இரண்டு வருஷம் படுத்துக்கொண்டே ஊருக்கு வந்தேன்.

அப்படி வந்து இறங்கிய ஒரு நாள் நேராகப் பெண் பார்க்கப் போனோம். பையன் வேலை பர்மனென்ட்டா என்று அவள் அப்பா கேட்டதும், "ரொம்ப பர்மனென்ட்டுங்க" என்று அம்மா தலை நிமிர்ந்து சொன்னார். இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்குச் சொந்தமெல்லாம் கூடினால் பிள்ளைகள் அந்தக் கதையைக் கேட்காமல் விடுவதில்லை. என் மனைவியும் கேக் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்வாள்:

"நான் உள்ள ரூம்ல இருந்தேன்டி. வாசல்ல யாரும் குரல்கூடக் குடுக்கல. மாப்பிள்ளை வந்துட்டார்னு தெரிஞ்சுபோச்சு."